ஆச்சு, ஆய்த்து

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "வக்கீல்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் வம்பு. முதல் இருபது வருடம் மைசூர் கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நடத்தினேன். திருட்டு, அடிதடி, செக் மோசடி, இரண்டு கொலை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் ஒதுங்கினேன். டாக்டர், நர்ஸ், ஆடிட்டர், சில சமயம் வக்கீல்களே கூட, தொழிலில் தப்புச் செய்ததாகப் புகார் வந்து அவரவர் கவுன்சில் முன்னால் கைகட்டி நிற்பார்கள். அவர்களுக்காகப் பேசுவதுதான் இப்போது என் பிழைப்பு. இங்கே கூண்டு கிடையாது, போலீஸ் கிடையாது. பெங்களூரில் ஒரு அறை, ஒரு நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் பிளாஸ்க்கில் காபி. ஆனால் கொலைக் கேஸில் பார்த்ததைவிட அதிக பயத்தை அந்த அறையில்தான் பார்த்திருக்கிறேன். ஜெயிலுக்குப் போன திருடன் வெளியே வந்ததும் பழைய தொழிலைத் தொடரலாம். பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட நர்ஸுக்கு அந்த வசதி இல்லை.

நடந்தது என்ன என்று நான் கட்சிக்காரரிடம் கேட்பதில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பேன். உண்மை தெரிந்துவிட்டால் பேச்சு தடுமாறும். தெரியாதவரை நாக்கு சுத்தமாக இருக்கும். என் மனைவி ஐவி ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். "உங்க நெஞ்சுக்குள்ள இருக்கறது மனசா, கேஸ் கட்டா?" என்று கேட்பாள். கேஸ் கட்டு என்றால் நாடா கட்டி அலமாரியில் வைத்துவிடலாம், அது ஒரு சௌகரியம் என்று சொல்வேன்.

நிம்மி எங்கள் மாதா கோயில் பங்குக்காரி. அவள் அம்மாவும் ஐவியும் கோயிலில் ஒரே பாடகர் குழு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு நேராக வந்தாள். முப்பத்திரண்டு வயது. கணவன் இல்லை, எட்டாவது படிக்கும் ஒரு மகள். நஞ்சன்கூட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருட வேலை. அந்த வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் கவுன்சில் அனுப்பிய நோட்டீஸ்.

"போலீஸ் கேஸ் முடிஞ்சுருச்சு அங்கிள். பெரிய அலட்சியம்னு சொல்ல முடியாதுன்னு டாக்டருங்க எழுதிக் குடுத்துட்டாங்க. இது மட்டும்தான் பாக்கி. இது போச்சுன்னா ஒரு ஆஸ்பத்திரியிலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

"காகிதத்தக் குடு" என்றேன்.

விஷயம் இதுதான். ஏழாம் பெட்டில் மல்லப்பன் என்று ஒரு நோயாளி. நஞ்சன்கூட்டில் ஆட்டோ ஓட்டுபவர், சர்க்கரை வியாதி, காலில் புண். நைட் டியூட்டியில் இருந்த நிம்மி காலை ஏழரைக்கு அவருக்கு இன்சுலின் போட்டாள். சார்ட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் நாலாம் பெட்டில் ஒருவர் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார், படுக்கையெல்லாம் ரத்தம். ஓடினாள். கையெழுத்து மறந்துபோனது. எட்டு மணிக்கு அடுத்த டியூட்டிக்கு சௌம்யா என்ற நர்ஸ் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆன பெண். ஏழாம் பெட் இன்சுலினைப் பற்றி நிம்மியிடம் ஏதோ கேட்டாள், நிம்மி ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எட்டுப் பத்து ரயிலைப் பிடிக்க ஓடினாள். சௌம்யா இன்னொரு முறை இன்சுலின் போட்டாள். பத்து மணிக்கு மல்லப்பனுக்கு நினைவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் கை நடுக்கம் நின்றபாடில்லை, ஆட்டோ ஓட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரி விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. இன்சுலின் போடலாமா என்று சௌம்யா கேட்டதாகவும், நிம்மி ஓகே என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த ஓகேதான் நிம்மியின் கழுத்தில் விழுந்த கயிறு. தானே போட்ட மருந்தை இன்னொரு தடவை போடச் சொல்லி அனுமதி கொடுத்தவள் என்று ஆகிவிட்டது.

"ஓகேன்னா சொன்னே?"

"இல்ல அங்கிள். ஆய்த்துன்னேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். முப்பது வருடத்தில் இந்த மாதிரி பேனாவைக் கீழே வைத்த தருணங்கள் ஆறோ ஏழோதான் இருக்கும்.

கன்னடம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆய்த்து என்றால் முடிந்தது. ஆய்த்து என்றால் சரி என்றும் அர்த்தம். ஊட்டா ஆய்த்தா என்று கேட்டதற்கு ஆய்த்து என்றால் அந்த ஆள் சாப்பிட்டுவிட்டான். நாளைக்கு வா என்றதற்கு ஆய்த்து என்றால் வருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஒரே சொல், இரண்டு வேலை. ஆங்கிலத்தில் எழுதிய புண்ணியவான் இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓகே என்று எழுதியிருக்கிறான்.

ஆனால் எங்களைப் போன்ற மைசூர்த் தமிழர் வீடுகளில் கதை வேறு. முடிந்ததற்கு எங்களிடம் ஆச்சு என்று சொந்தச் சொல் இருக்கிறது. ஆகவே கன்னடக்காரரிடம் கடன் வாங்கிய ஆய்த்துவைச் சரி என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். மேல் டேங்க்குக்கு மோட்டார் போடுங்கள் என்று ஐவி சமையலறையிலிருந்து சொல்வாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஆய்த்து என்பேன். அரைமணி கழித்து, "ஆய்த்துன்னு சொன்னது போதும், ஆச்சா?" என்று வந்து நிற்பாள். இந்த வித்தியாசம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது, கன்னடக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

"நீயும் சௌம்யாவும் என்ன பாஷையில பேசிக்குவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தமிழ்தான். அவ கோபிநத்தம் பொண்ணு."

கோபிநத்தம் எனக்குத் தெரிந்த ஊர். ஆரம்ப காலத்தில் காட்டுக்குள் மாடு மேய்த்ததற்கும் விறகு எடுத்ததற்கும் கேஸ் போடப்பட்ட அந்த ஊர் ஆட்களுக்காகக் கொள்ளேகால் கோர்ட்டுக்கு நடையாக நடந்திருக்கிறேன். வீட்டில் தமிழ், ஸ்கூலில் கன்னடம். அவர்களுக்கும் ஆச்சு வேறு, ஆய்த்து வேறு.

"அவ என்ன கேட்டா? போட்டாச்சான்னு கேட்டாளா?"

நிம்மி கொஞ்சம் யோசித்தாள். "கேட்டிருப்பா அங்கிள்."

கேட்டாள் என்பதற்கும் கேட்டிருப்பாள் என்பதற்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. என் தொழிலே அந்தச் சந்தில்தான். மேலே கேட்கவில்லை. நோட்டில் "ஆய்த்து = முடிந்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். தமிழில் பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதவில்லை.

ஐவி காபி கொண்டுவந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நிம்மி போனதும், "ஆய்த்துன்னா நம்ம வீட்டுல முடிஞ்சுதுன்னு இல்லையே" என்றாள்.

"கவுன்சில் நம்ம வீட்டுல நடக்கல" என்றேன்.

விசாரணை மூன்று மாதம் கழித்து வந்தது. இரண்டு நர்ஸுகளின் கேஸையும் சேர்த்து ஒன்றாக எடுத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி, பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டன் புடவை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, குரலை உயர்த்தாமலே அறையை அடக்கும் ரகம். எனக்கு அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும். கத்துகிற நீதிபதியைச் சமாளிக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சௌம்யா வக்கீல் இல்லாமல் வந்திருந்தாள். இருபத்துமூன்று வயது. கோபிநத்தத்திலிருந்து முதல் நாளே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். சர்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எதிர்த்தரப்பு. அவ்வளவுதான். டாக்டர் கோழியை அறுப்பதில்லையா, அது மாதிரி என்று ஒரு சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். டாக்டர் எங்கே கோழி அறுக்கிறார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அறையில் எல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. என் குறுக்கு விசாரணையையும் கன்னடத்தில்தான் ஆரம்பித்தேன்.

"ஊட்டா ஆய்த்தா என்று தலைவியம்மா உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய்?"

"ஆய்த்து என்பேன்."

"அப்படியென்றால் என்ன அர்த்தம்?"

"சாப்பிட்டுவிட்டேன் என்று."

"வார்டில் டிரஸ்ஸிங் ஆய்த்தா என்று டாக்டர் கேட்டால்?"

"ஆய்த்து என்பேன்."

"முடிந்துவிட்டது என்று?"

"ஆமாம் சார். ஆனால் நானும் நிம்மி அக்காவும் பேசிக்கொண்டது..."

"கேட்டதற்கு மட்டும் பதில். ஆமாவா, இல்லையா. ஆய்த்து என்றால் முடிந்தது என்று அர்த்தம் உண்டா, இல்லையா?"

"உண்டு சார். ஆனால் நாங்கள்..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"சார்ட்டைப் பார்த்தாய். கையெழுத்து இல்லை. அதைப் பார்த்துத்தான் இன்சுலின் போட்டாய். நிம்மி சொன்ன பதிலை நம்பி அல்ல. சரியா?"

அவள் தலைவியைப் பார்த்தாள். தலைவி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேள்வி ஒழுங்காக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். எப்போது உட்கார வேண்டும் என்று தெரிந்தவன்தான் வக்கீல், எழுந்து நிற்க யாருக்கும் தெரியும்.

பிறகு நாற்பது நிமிடம் பேசினேன். ஒரு கன்னடச் சொல்லை ஆங்கிலத்தில் தப்பாக எழுதியதால் ஒன்பது வருடம் மாசு மருவில்லாமல் வேலை பார்த்த ஒருத்தியின் வாழ்க்கை பாழாகக் கூடாது என்றேன். ஆய்த்துவுக்கு உதாரணமாகப் பஸ், கல்யாணம், பரீட்சை, தேர்த் திருவிழா எல்லாவற்றையும் இழுத்தேன். உறுப்பினர் ஒருவர் சிரித்தார். தலைவி, "என் வார்டில் முப்பத்தைந்து வருடம் ஆய்த்து என்றால் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொண்டோம்" என்று சொன்னபோது கேஸ் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மத்தியானமே முடிவைச் சொன்னார்கள். நிம்மி இன்சுலின் போட்டாச்சு என்றுதான் சொன்னாள் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடாததற்கு ஒரு எச்சரிக்கை போதும். சௌம்யா பதிலைத் திரும்பக் கேட்டுத் தெளிவு செய்யாமல் மருந்து போட்டிருக்கிறாள், குற்றம் அவளுடையது. அவள் பெயரை இரண்டு வருடம் வரை பதிவேட்டிலிருந்து நீக்க இடமிருக்கிறது. எழுத்து மூலமான உத்தரவும் தண்டனையும் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி.

சௌம்யா பிளாஸ்டிக் கவரின் வாயை மடித்து மடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மைசூருக்குத் திரும்பும் ரயிலில் நிம்மி எனக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ராமநகரம் வரை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்த கட்சிக்காரர்கள் இரண்டு வகை. ஒன்று, வாய் ஓயாமல் பேசுவார்கள். இல்லாவிட்டால் தூங்கிவிடுவார்கள். இவள் இரண்டிலும் சேரவில்லை.

என் போனில் ஒரு பல் டாக்டர் வரிசையாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வாரம் விசாரணை. நோயாளியின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பல்லை அப்படியே விட்டிருந்தார். அந்த எக்ஸ்ரே படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள்" என்றாள் நிம்மி.

"ம்."

"அவ போட்டாச்சான்னு கேக்கல. போடட்டாக்கான்னுதான் கேட்டா. எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு, பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். காதுல விழுந்துது, மண்டையில ஏறல. ஆய்த்துன்னுட்டேன். நான் ஏற்கெனவே போட்டது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே வரல. ஸ்டேஷன்ல வந்து உக்காந்தப்பறந்தான் வந்துது. போன் பண்ணியிருக்கணும். பண்ணல. அவ சார்ட்டப் பாத்துக்குவான்னு நெனச்சேன்."

எக்ஸ்ரேயில் எந்தப் பல் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அந்தப் புள்ள தலையில எல்லாத்தையும் போட்டுட்டோம் அங்கிள். இத நான் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்துடட்டா?"

"ஆய்த்தும்மா" என்றேன்.

அவள் மூச்சை விட்டுவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். மைசூர் வரை தூங்கினாள். முடிந்துபோன கேஸ், இனி கிளறாதே என்ற நினைப்பில்தான் அப்படிச் சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். வீட்டில் ஐவி, "என்னாச்சு?" என்று கேட்டாள். "ஜெயிச்சாச்சு" என்றேன். அவள் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

பதினெட்டாம் தேதி நான் வெறுங்கையோடு போனேன். உத்தரவை வாங்கிக்கொண்டு வருகிற வேலைக்கு கேஸ் கட்டு எதற்கு? நிம்மி எனக்கு முன்பே வந்து, என் வழக்கமான நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி விட்டது போல் இருந்தது. சௌம்யா சுவர் ஓரமாக அதே பிளாஸ்டிக் கவரோடு.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கடிதத்தைப் பிரித்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், கீழே நிம்மியின் கையெழுத்து. நிதானமாகப் படித்தார். ரயிலில் என்னிடம் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. போடட்டாக்கா, எட்டுப் பத்து ரயில், பண்ணாத போன், எல்லாம். சௌம்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரியைத் தலைவி இரண்டு முறை படித்தார். "இதை எழுதலாமா என்று என் வக்கீலைக் கேட்டேன், அவர் ஓகே என்றார்."

மறுபடியும் அதே ஓகே.

குனிந்து நிம்மியின் காதருகில் கேட்டேன். "நான் எப்ப சொன்னேன்?"

"ட்ரெயின்ல அங்கிள். கேட்டேனே. ஆய்த்தும்மான்னீங்க."

"அது முடிஞ்சுதுன்னு சொன்னது."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். குத்திக் காட்டும் எண்ணம் அவள் முகத்தில் துளியும் இல்லை. "முடிஞ்சுதுன்னா ஆச்சும்மான்னு சொல்லியிருப்பீங்க" என்றாள்.

"வக்கீல் அவர்களே" என்றார் தலைவி. "உங்கள் கட்சிக்காரர் உங்களைக் கேட்டுத்தான் இதை எழுதினாரா? நீங்கள் ஓகே சொன்னீர்களா?"

எழுந்து நின்றேன். வழி இருந்தது. முப்பது வருடத்தில் எனக்கு வழி இல்லாமல் போனதே இல்லை. என் கட்சிக்காரர் நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார், சட்ட ஆலோசனை இல்லாமல் மனக் குழப்பத்தில் எழுதிய கடிதம் இது, திரும்பப் பெற அனுமதிக்க வேண்டும். மூன்றே வாக்கியம். நிம்மி தப்பித்துக்கொள்வாள். அவளைக் காப்பாற்றத்தானே என்னை வைத்தாள்? நாக்கு அந்த மூன்று வாக்கியத்துக்கும் தயாராகவே இருந்தது.

"ஆய்த்து என்று சொன்னேன், மேடம்" என்றேன், நேரம் எடுத்துக்கொள்வதற்காக.

தலைவியின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "போன தடவை இதைப் பற்றி எங்களுக்கு நாற்பது நிமிடம் பாடம் எடுத்தீர்கள். இது எந்த ஆய்த்து?"

பக்கத்தில் நிம்மி என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் காப்பாற்று என்ற கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாத மாதிரி இருந்தது. வார்டில் அவளுக்கு ரயில் ஞாபகம், ரயிலில் எனக்குப் பல் ஞாபகம். கேட்டவள் பதிலை நம்பினாள், சொன்னவனுக்கோ என்ன சொன்னோம் என்று தெரியாது. அந்தக் காலையில் சௌம்யாவுக்கு நடந்ததுதான் அந்த ரயிலில் நிம்மிக்கு நடந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோர்ட்டில் தோற்றிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு தடவை கட்சிக்காரன் சட்டையைக்கூடப் பிடித்திருக்கிறான். வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

"நானும் என் கட்சிக்காரரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம், மேடம்" என்றேன். "எங்கள் வீடுகளில் முடிந்ததற்கு ஆச்சு என்போம். ஆய்த்து என்பது எங்களுக்குச் சரி என்று மட்டும்தான். நான் சரி என்றுதான் சொன்னேன்."

தலைவி பேனாவை எடுத்தார், எழுதவில்லை. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அன்று காலை இந்த இரண்டு பெண்களும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்?"

"தமிழில்."

"உங்களுக்கு இது முன்பே தெரியுமா?"

"தெரியும் மேடம். சௌம்யா அதைத்தான் அன்று சொல்ல வந்தார். நான் சொல்ல விடவில்லை."

காபி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த உறுப்பினர் நிறுத்திவிட்டார். என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. கேட்ட கேள்வியில் தப்பில்லை, ஆமாவா இல்லையா என்று கேட்க எந்த வக்கீலுக்கும் உரிமை உண்டு. சட்டப்படி நான் சுத்தம். அந்தச் சுத்தம் அன்றைக்கு எனக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

எங்களை வெளியே உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பழைய முடிவை மாற்றினார்கள். நிம்மியின் பதிவு ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தானாக வந்து உண்மையைச் சொன்னதால் அதோடு விட்டதாக எழுதியிருந்தார்கள். சார்ட்டில் கையெழுத்து இல்லாதபோது இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும் என்று சௌம்யாவுக்கு ஒரு எச்சரிக்கை.

வராந்தாவில் நிம்மி துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதம் மகளை எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஆறு மாசந்தானே அங்கிள்" என்றாள் அவளே. "இந்த வாரம் மல்லப்பன் வீட்டுக்குப் போயிட்டு வரணும். இதுவரைக்கும் அவர் மூஞ்சியப் பாக்கத் தைரியம் வரல." தண்ணீர் பாட்டில் வாங்கப் படியிறங்கிப் போனாள்.

சௌம்யா சர்டிபிகேட் கவரைத் தோள்பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாரானேன்.

"அன்னைக்கே சொல்ல வந்தனுங்க சார்" என்றாள், கோபிநத்தத்துத் தமிழில், சாந்தமாக. "நீங்கதான் ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க. இல்லீங்களா?"

அவள் போகவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா" என்றேன்.